கார்பெட்டுக்கு அடியில் குளம்: பழைய ஸ்போர்ட்ஸ் காரோடு ஐந்து வருடம்

என் கார் 1990களில் வந்தது. இரண்டே இருக்கை, மடிக்கிற துணிக்கூரை, கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப் போவதில்லை. இந்த வயதில், இந்த வடிவத்தில் இருக்கும் எந்தக் காரை வாங்கினாலும் கிட்டத்தட்ட இதே பாடுதான். ஐந்து வருடத்தில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரு நாள்கூட என்னைப் படுத்தவில்லை. படுத்தியதெல்லாம் தண்ணீர்.

அறிகுறிகள் முதல் மாதத்திலேயே இருந்தன, எனக்குத்தான் புரியவில்லை. காலையில் முன்கண்ணாடியின் உட்பக்கம் புகை படிந்ததுபோல் இருக்கும். கதவைத் திறந்தால் ஈரச் சாக்கு வாசனை. வளைவில் திரும்பும்போது எங்கேயோ ‘சளக்’ என்று ஒரு சத்தம். டேங்கில் பெட்ரோல் அலம்புகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் மெக்கானிக் காரைத் தூக்கி நிறுத்தி, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பெட்டியின் அடியில் அடைத்திருந்த ஒரு துளையை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். பழுப்புத் தண்ணீர் கொட்டத் தொடங்கி, நிற்க வெகுநேரம் ஆனது. துருப்பிடிக்காமல் இருக்க அடியில் பெயின்ட் அடித்த யாரோ, தண்ணீர் வடிய வைத்திருந்த துளையையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். துருவைத் தடுக்க அடித்த பெயின்ட்தான் துருவை உள்ளே வளர்த்திருக்கிறது.

அதற்கு முன்பே நான் ஒரு பெரிய தப்பு செய்திருந்தேன். பயணி பக்கக் கால் வைக்கும் இடம் ஈரமாக இருக்கிறதா, சரி, மேலே முன்கண்ணாடி விளிம்பில்தான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டி, ஒரு டியூப் சிலிகோனை வாங்கி விளிம்பு முழுக்கப் பூசினேன். ஒழுகல் நிற்கவில்லை. பிறகு அந்தச் சிலிகோனைச் சுரண்டி எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. வினிகர் வாடை வருகிற சாதாரணச் சிலிகோன் உலரும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும். பெயின்ட் உரிந்த இரும்பின் மேல் பட்டால் துருவுக்கு நாமே விதை போட்ட மாதிரி. போதாக்குறைக்கு, அது பட்ட இடத்தில் பின்னால் பெயின்ட்டும் ஒட்டாது. இந்த ஐந்து வருடத்தில் நான் வாங்கியதிலேயே மோசமான பொருள் எது என்றால் அந்த டியூப்பைத்தான் சொல்வேன்.

ஒழுகலைத் தேடுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றிவிட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கார்பெட்டின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் லேசான ஈரம்தான் தெரியும். அதற்கு அடியில் இருக்கும் தடித்த பஞ்சு வாளிக்கணக்கில் உறிஞ்சி வைத்திருக்கும். அது வெயிலில் காயவே எனக்கு இரண்டு வாரம் ஆனது. இருக்கை, கார்பெட், கதவோரப் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்து, வெற்று இரும்புத் தரையில் செய்தித்தாளைப் பரப்பிவிட்டு மழைக்குக் காத்திருந்தேன். எந்தத் தாள் முதலில் நனைகிறது என்று பார்த்தால் போதும், பாதி வேலை முடிந்தது. தரையைப் பார்த்தபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது: ஒயர்கள் சேரும் கனெக்டர் ஒன்றில் பச்சை பூத்திருந்தது. பவர் விண்டோ நினைத்த நேரத்தில் மட்டும் வேலை செய்த ரகசியம் அதுதான்.

மழை வராத நாளில் ஹோஸ் பைப். தம்பி டார்ச்சோடு உள்ளே உட்காருவான், நான் வெளியே. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. அப்படி அடித்தால், கதவோர ரப்பர் பட்டை (பீடிங்) நல்லதாக இருந்தாலும் அதில் புகுந்து நம்மை ஏமாற்றும். மெதுவாக வழிய விட வேண்டும், அதுவும் கீழிருந்து மேலாக. மேலே ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எது திருடன் என்று தெரியாது. ஓர் இடத்துக்குப் பத்து நிமிடமாவது பொறுமை வேண்டும். “அண்ணே, வருது வருது” என்று அவன் கத்திய இடத்துக்கும் நான் ஊற்றிய இடத்துக்கும் ஒரு முழத்துக்கு மேல் தூரம் இருந்தது. உள்ளே புகுந்த தண்ணீர் இரும்பு மடிப்பிலும் ஒயர்க்கட்டிலும் ஓடி, தனக்கு வசதியான பள்ளத்தில்தான் சொட்டும். காரைச் சரிவில் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தினால் ஓர் இடத்தில் ஈரம், மூக்கைக் கீழே வைத்து நிறுத்தினால் வேறோர் இடத்தில். சரிவில் நிறுத்திப் பார்ப்பதே ஒரு நல்ல சோதனை.

எனக்குப் புரிய இவ்வளவு நாள் எடுத்த விஷயம் இதுதான்: இந்தக் கார் தண்ணீரை முழுசாகத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. கொஞ்சம் உள்ளே விட்டு, உள்வழியே நடத்திக் கூட்டிப்போய், கீழே வெளியேற்றுவதுதான் திட்டம். நான் ஓட்டை தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியிருந்தது அடைப்பை.

துணிக்கூரையின் பின்விளிம்பில் வழியும் மழை, இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு தொட்டி மாதிரியான வாய்க்காலில் விழும். அங்கிருந்து இரண்டு பக்கமும் ரப்பர் குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியே போக வேண்டும். என் காரில் இரண்டுமே இலைப் பொடியும் சேறும் சேர்ந்து அடைத்திருந்தன. ஒரு பக்கத்தைப் புல் வெட்டும் கருவியில் போடுகிற நைலான் நரம்பை விட்டு மெல்லத் திருகிச் சுத்தம் செய்தேன், அழகாக வடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் மறுபக்கத்துக்கு அவசரப்பட்டுக் காற்றழுத்தக் குழாயைப் பிடித்தேன். உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். மூட்டிலிருந்து குழாய் கழன்றுவிட்டது. கை நுழையாத இடம். பின்பக்கப் பிளாஸ்டிக்கைப் பிரித்து, புதுக் குழாய் போட்டு, கிளிப் மாட்டி முடிக்க ஒரு முழு நாள். இப்போது ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருமுறை நைலான் நரம்பு விடுவேன், பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே அதே அளவு வருகிறதா என்று பார்ப்பேன்.

அடுத்தது கதவு. மூடிய கண்ணாடியின் வெளிப்பக்கம் வழியும் மழையில் ஒரு பங்கு கதவுக்குள்ளேயே இறங்கும். அது இயல்பு, கதவின் அடியில் துளைகள் இருப்பது அதற்குத்தான். கதவின் உட்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்தான் அந்தத் தண்ணீரை அறைக்குள் வராமல் தடுக்கிறது. முன்பு யாரோ ஸ்பீக்கர் மாற்றியவர் அந்தத் தாளைக் கிழித்து, திரும்ப ஒட்டாமல் விட்டிருந்தார். பலகை வீங்கி, அடிவிளிம்பில் கறை கட்டியிருந்தது. கனமான பிளாஸ்டிக் தாளை அளவுக்கு வெட்டி, பியூட்டைல் டேப் என்கிற பிசுபிசுப்பான ரப்பர் டேப்பால் ஒட்டினேன். தாளின் கீழ்விளிம்பு கதவுக்குள் போகிற மாதிரி செருக வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியும் பயனில்லை. நான்கு வருடமாக ஒரு சொட்டு வரவில்லை. அந்த டேப் காய்ந்து கட்டியாகாது, தேவைப்பட்டால் பிரித்துத் திரும்ப ஒட்டலாம். பழைய கார் வைத்திருப்பவர் வீட்டில் ஒரு சுருள் இருந்தே ஆக வேண்டும்.

பயணி பக்கம் மட்டும் அடம்பிடித்தது. வைப்பருக்குக் கீழே இருக்கும் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு சின்ன உரக்குழி. வடிதுளை அடைபட்டு, தேங்கிய தண்ணீர் ப்ளோயருக்கு (காருக்குள் காற்று ஊதும் விசிறிக்கு) காற்று போகும் வழியில் பொங்கி உள்ளே இறங்கியிருக்கிறது. நான் சிலிகோன் பூசிய விளிம்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

டிக்கி சுலபம். பின்விளக்கைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் கேஸ்கெட் நசுங்கிப் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது, புதிது போட்டேன், ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் காய்ந்துவிட்டது.

இரண்டாவது வருடக் கோடையில், மழையே இல்லாத நாளில் தரை நனைந்தது. பயந்துபோய் ஹீட்டர் கோர்தான் (இன்ஜினின் சூடான கூலன்ட் ஓடி, காருக்குள் வெப்பம் தரும் சின்ன ரேடியேட்டர்) போய்விட்டது என்று நினைத்தேன். அது ஒழுகினால் கூலன்ட்டின் தித்திப்பு வாடை வரும், முன்கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஒரு படலம் படியும், கையில் தொட்டால் வழுக்கும். இது வெறும் தண்ணீர். ஏ.சி.யின் வடிகுழாய் அடைத்திருந்தது. ஏ.சி. போட்டு நிறுத்திய கார் அடியில் சொட்டவில்லை என்றால் வேறு எங்கோ சொட்டுகிறது என்று அர்த்தம்.

பீடிங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் முதலில் அதைத்தான் மாற்றச் சொல்வார்கள். நானும் ஒரு கதவுக்கு மாற்றினேன், வித்தியாசமே இல்லை. சட்டமில்லாத கண்ணாடியில் ரப்பரைவிடக் கண்ணாடி நிற்கும் கோணம் முக்கியம். ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். மேல்மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. கதவுக்குள் இருக்கும் நட்டுகளைத் தளர்த்திக் கண்ணாடியைக் கொஞ்சம் உள்பக்கம் சாய்த்ததும் காகிதம் பிடித்தது. மறு கதவின் பழைய பீடிங்கைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, சிலிகோன் கிரீஸ் தடவி அப்படியே வைத்திருக்கிறேன். பெட்ரோலியம் ஜெல்லியோ இன்ஜின் ஆயிலோ தடவாதீர்கள், கார் பீடிங் ரப்பர் ஊதிப்போகும்.

ஈரத்தை இழுக்கும் பைகளை ஒரு வருடம் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தேன். வாசனை குறைந்தது, அதனால் தேடலைத் தள்ளிப்போட்டேன். அவ்வளவுதான் அதன் சாதனை.

இன்று கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் தரை தூசியாக இருக்கிறது. அந்தத் தூசியைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். பாக்கி இருப்பது ஒன்றே ஒன்று: கனமழையில் வேகமாகப் போகும்போது மட்டும், கூரையும் முன்கண்ணாடிச் சட்டமும் சேரும் மூலையிலிருந்து பயணியின் முழங்காலில் ஒரு சொட்டு. ஹோஸ் பைப்பில் அது வருவதே இல்லை. வானம் இருட்டினாலே தம்பி சாவியை எடுத்துக்கொண்டு, “அண்ணே, இன்னிக்கு நான் ஓட்டறேன்” என்கிறான்.