தரம் 5 பையன்களின் பிரியாவிடை மலர்: 500 ரூபாய்க்குப் பெறுமதியா?

திருகோணமலையில் ஆண் பிள்ளைகள் மட்டும் படிக்கும் ஓர் ஆரம்பப் பாடசாலை, தரம் 5 முடித்து வெளியேறும் மாணவர்களுக்காக இந்த ஆண்டு ஒரு பிரியாவிடை மலர் வெளியிட்டிருக்கிறது. 52 பக்கங்கள், விலை 500 ரூபாய். என் தங்கையின் மகன் அந்த வகுப்பில் படித்தவன். அதனால் என் பேச்சில் பாசம் கலந்திருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த வகுப்பில் பிள்ளை இல்லாதவர்களும் வாங்கிப் படிக்க வேண்டிய மலர் இது என்று அடித்துச் சொல்வேன்.

நான் தையற்கடை வைத்திருக்கிறேன். பாடசாலை தொடங்கும் காலத்தில் இரவு பகலாக நீலக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும்தான் தைப்பேன். மலரில் இருக்கும் பையன்களில் பாதிப் பேருடைய இடுப்பளவு என் கொப்பியில் இருக்கிறது. யாருடைய பொத்தான் ஒரு வாரம் தாங்காது, யாருடைய பை முதலில் கிழியும், அளவெடுக்கும்போது யார் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க மாட்டான் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. ஆகவே ஆசிரியை அவர்களைப் பற்றி எழுதியிருப்பது உண்மையா, வெறும் புகழ்ச்சியா என்று சொல்ல எனக்கு ஓரளவு உரிமை உண்டு. உண்மைதான் எழுதியிருக்கிறார்.

இப்படிப்பட்ட மலர்கள் வழக்கமாக எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெயர், பிறந்த திகதி, பிடித்த பாடம், எதிர்கால இலட்சியம். முப்பது பிள்ளைகள் என்றால் இருபது பேர் வைத்தியர், பத்துப் பேர் பொறியியலாளர். படங்களை மாற்றி ஒட்டினாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இந்த மலரில் அந்தப் பட்டியலே கிடையாது. ஒவ்வொருவனுக்கும் அரைப் பக்கம்: மேலே ஒரு படம், கீழே வகுப்பாசிரியை தன் கையால் எழுதிய எட்டுப் பத்து வரிகள். அந்த வரிகளைப் படித்தால், படமே இல்லாவிட்டாலும் இன்னார் பிள்ளை என்று சொல்லிவிடலாம்.

சிலவற்றை எடுத்துக் காட்டுகிறேன். பிள்ளைகள் சிறுவர்கள் என்பதால் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பையன், நாள் தவறாமல் பிந்தி வருகிறவன். அவனைப் பற்றி ஆசிரியை எழுதியிருப்பது இது (பாதை என்பது பாலம் வருவதற்கு முன்பு ஆட்களை ஏற்றிக் கடந்த படகு): "கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு இவன் படித்திருந்தால், பாதை வரவில்லை ரீச்சர் என்ற ஒரே காரணத்தை ஐந்து ஆண்டும் சொல்லியிருப்பான். பாலம் இருப்பதால் தினமும் புதிய காரணம் ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. இவனுடைய கற்பனை வளத்துக்கு வீதி அபிவிருத்தியே காரணம்." இதைப் படித்துவிட்டு, சட்டை வாங்க வந்த ஒரு பெரியவர் என் கடை வாங்கிலேயே அமர்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பாதையில் ஏறுவதற்காகக் கரையில் காத்துக் கிடந்த காலத்தைக் கண்டவர் அவர். பத்து வயதுப் பிள்ளையின் சாக்குப்போக்கைப் பற்றிய நான்கு வரிகளில் இந்த ஊரின் ஒரு காலமே அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

இன்னொருவன் கடற்றொழிலாளி ஒருவரின் மகன். கணக்குப் பாடத்தில் யன்னலுக்கு வெளியேதான் அவன் கண். "ஏன் வெளியே பார்க்கிறாய் என்று கேட்டேன். நாளைக்கு வாடை எழும்பும் ரீச்சர், அப்பா கடலுக்குப் போக மாட்டார் என்றான். மறுநாள் காலையில் என் குடை மடங்கிப் போனது. அன்று முதல் துணி காயப்போடுவதற்கு முன்பு இவனிடம் கேட்டுக்கொள்வேன்." கவனமில்லாத பிள்ளை என்று தேர்ச்சி அறிக்கையில் ஒரு சொல்லில் எழுதி முடித்திருக்கலாம். அவன் கவனம் எங்கே போயிருந்தது என்று இந்த ஆசிரியை போய்ப் பார்த்திருக்கிறார்.

மான் கதையையும் சொல்ல வேண்டும். பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கும் புள்ளிமான்கள் நகரத்துக்குள்ளும் வந்து மேய்வதை வெளியூரார்தான் வியந்து படம் எடுப்பார்கள், எங்களுக்கு அது அன்றாடக் காட்சி. ஒரு பையனின் சாப்பாட்டுப் பெட்டி எப்போதும் வெறுமையாகவே வீடு போயிருக்கிறது. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று தாய்க்கு மகிழ்ச்சி. ஆனால் பிள்ளையோ மெலிந்துகொண்டே போகிறான். "விசாரித்ததில், படலை ஓரம் வரும் மானுக்கு இடியப்பத்தைப் பங்கு வைப்பது தெரியவந்தது. சம்பலைக் கொடுப்பதில்லை, அதற்கு உறைக்கும் என்றான். அடுத்த வாரத்திலிருந்து தாய் இரண்டு பேருக்குச் சமைத்து அனுப்பினார்." அந்தச் 'சம்பலைக் கொடுப்பதில்லை' என்ற வரியில் பையனின் குணம் முழுவதும் வந்துவிடுகிறது. நல்ல பிள்ளை, இரக்கமுள்ளவன் என்றெல்லாம் அடைமொழி எதுவும் தேவைப்படவில்லை.

என் மருமகனைப் பற்றிய பகுதியும் நன்றாகவே இருக்கிறது. வகுப்போடு கன்னியாவுக்குப் போனபோது, ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு, எது கூடச் சூடு என்று ஈரக் கையால் கொப்பியில் வரிசைப்படுத்தியிருக்கிறான். பிறகு, உடம்பு சூடான பிறகு பார்த்ததால் கணக்குப் பிழைத்திருக்கும், இன்னொரு தடவை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நின்றிருக்கிறான். "இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் குத்தி உண்டாக்கிய கிணறுகள் என்று நான் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு தடவையும் ஒரே ஆழத்துக்குக் குத்தினாரா என்று கேட்டான். பஸ் சாரதி ஹோர்ன் அடித்து என்னைக் காப்பாற்றினார்." தங்கை இதைப் படித்துவிட்டு, "அண்ணா, வீட்டில் எங்களைப் படுத்துவது போலத்தான் அங்கேயும் படுத்தியிருக்கிறான்" என்றாள். பையனுக்கோ பெருமை தாங்கவில்லை. "மாமா, நான் கேட்ட கேள்வியை ரீச்சர் மறக்கவில்லை" என்று அந்தப் பக்கத்தை மடித்துக் கொண்டுவந்து காட்டினான்.

காற்சட்டைப் பை பற்றி எழுதியதில்தான் எனக்கு ஆசிரியையின் மேல் முழு நம்பிக்கை வந்தது. ஒரு பையனின் பையை மேசையில் கொட்டச் சொன்னாராம். மூன்று சோகி, துரு ஏறிய ஆணி, பாதி அழிறப்பர், ஒரு புளியங்கொட்டை, தண்ணீர்ப் போத்தலின் மூடி, நான்காகக் கடித்த பென்சில் துண்டு. அத்தனையையும் அதே வரிசையில் எழுதியிருக்கிறார். அந்தக் காற்சட்டையின் வலப்பக்கப் பைக்கு அடியில் இரட்டைத் துணி வைத்துத் தைத்தவன் நான். கிழிந்த பை என்னிடம் வந்தபோது தையல் விட்டிருக்கவில்லை, துணியே தேய்ந்து நூலாகியிருந்தது. ஆணி இருந்ததென்று இப்போது தெரிகிறது.

இனி, இந்த மலரில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று. யாருடைய புள்ளியும் இதில் இல்லை.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பற்றி இந்த நாட்டுப் பெற்றாருக்கு விளக்கத் தேவையில்லை. இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, அதற்காகப் பின்னேர வகுப்பு, சனி ஞாயிறு வகுப்பு, விடுமுறை வகுப்பு. பெறுபேறு வந்ததும் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைகளின் படங்கள் சந்திகளில் பதாகையாகத் தொங்கும். ஒரு புள்ளியில் தவறிய பிள்ளை அதே சந்தியால்தான் சைக்கிளில் போக வேண்டும். என் கடைக்கு அளவு கொடுக்க வரும் பிள்ளைகளிடம் பெரியவர்கள் கேட்கும் முதற் கேள்வியே எத்தனை புள்ளி என்பதுதான். பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு எண்ணைச் சொல்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. இந்த மலரில் சித்தியடைந்தவன் யார், அடையாதவன் யார் என்று எங்கே தேடினாலும் தெரியாது. அதிபரும் ஆசிரியையும் வேண்டுமென்றே செய்த முடிவாகத்தான் இருக்க வேண்டும். புள்ளி போட்டால் இன்னும் நிறையப் பிரதிகள் விற்றிருக்கும் என்று ஒருவர் சொன்னார். போடாததற்காகவே நான் இரண்டு பிரதிகள் வாங்கினேன்.

சிரிக்க வைப்பதிலும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார். நிறம், பருமன், திக்குவாய், வீட்டு வறுமை எதுவும் கேலிக்கு எடுக்கப்படவில்லை. பையன் செய்த காரியத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு பாடசாலையின் மலரை ஒரு வாடிக்கையாளர் காட்டினார். அதில் பிள்ளைகளின் பட்டப்பெயர்களைப் படத்தின் கீழேயே அச்சிட்டிருந்தார்கள். அவருடைய மகன் தன் பக்கத்தைக் கிழித்து எறிந்துவிட்டானாம். எழுதியவர்களுக்கு அது ஒரு நாள் வேடிக்கை. பிள்ளைக்கு அப்படியல்ல. அந்த மலரையும் இந்த மலரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பரிகாசம் எது, பாசம் எது என்று விளங்கிவிடும்.

வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளை எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்க்கத்தான் நான் ஆவலோடு பக்கம் புரட்டினேன். குறும்புக்காரனைப் பற்றி யாரும் எழுதலாம். அமைதியானவன்தான் எழுதுகிறவருக்குச் சோதனை. அப்படி ஒருவனைப் பற்றி: "இவன் குரலை நான் அதிகம் கேட்டதில்லை. ஆனால் சோதனை நாட்களில் பக்கத்து மேசைகளில் எல்லாப் பென்சில்களும் கூராக இருக்கும். யார் சீவி வைத்தது என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை. இவன் கதிரைக்குக் கீழே மட்டும் பென்சில் சீவல் கிடக்கும்." இதை நான் கடையில் இரண்டு மூன்று பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வாசிப்பது எனக்குக் கடினமாகவே இருக்கிறது.

ஆனால் எல்லாருக்கும் இந்த நியாயம் கிடைக்கவில்லை. கடைசிப் பக்கங்களுக்கு வரும்போது ஆசிரியை களைத்திருக்கிறார். நான்கைந்து பிள்ளைகளுக்கு மூன்று வரிகள்தான், அதிலும் துடுப்பாட்டத்தில் கெட்டிக்காரன், எல்லாருடனும் நட்பாகப் பழகுபவன் என்ற பொதுவான பேச்சு. தன் நண்பனுக்குப் பத்து வரி, தனக்கு மூன்று வரி என்பதை அந்த வயதுப் பிள்ளை கட்டாயம் எண்ணிப் பார்ப்பான். அடுத்த முறை இரண்டு ஆசிரியர்கள் பங்கிட்டு எழுதினால் இந்தக் குறை தீரும். விளையாட்டு ஆசிரியரும் வாகனத்தில் ஏற்றி இறக்குகிறவரும் பிள்ளைகளைப் பற்றி எத்தனையோ அறிவார்கள்.

அதைவிடப் பெரிய குறை, முதல் 14 பக்கங்கள். அத்தனையும் ஆசிச் செய்திகள். ஒவ்வொருவருக்கும் ஒரு முழுப் பக்கம், கோட் போட்ட படம், 'பாலர்களின் வாழ்வு சிறக்க வாழ்த்துகிறேன்' என்ற அதே வாசகம். மலரின் நாயகர்களுக்கு அரைப் பக்கம், வாழ்த்துகிறவர்களுக்கு முழுப் பக்கம் என்பது எந்த நியாயம்? எல்லா வாழ்த்துகளையும் இரண்டு பக்கத்தில் அடக்கியிருந்தால் ஒவ்வொரு பையனுக்கும் இன்னும் சில வரிகள் கிடைத்திருக்கும். விளம்பரங்களைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பணம் இல்லாமல் 500 ரூபாய்க்கு இதைக் கொடுத்திருக்க முடியாது.

அச்சு வேலை சுமார். அட்டையில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையும் கடலும் அழகாக வந்திருக்கின்றன. உள்ளே கறுப்பு மை கூடிவிட்டது. எங்கள் பிள்ளைகளின் முகத்துக்கு அது ஒத்துவரவில்லை, சிலருக்குப் பல் மட்டும்தான் தெரிகிறது. அச்சகத்தில் முதலில் ஒரு பக்கத்தைப் போட்டுப் பார்த்துப் படங்களை வெளிச்சமாக்கியிருக்கலாம். நடுவில் இரண்டு கம்பி குத்திக் கட்டியிருக்கிறார்கள். கடற்காற்று படும் ஊரில் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துத் தாளைக் கறையாக்கும். பிள்ளைகள் பெரியவர்களாகும் வரை இருக்க வேண்டிய மலர் இது. என் பிரதியில் கம்பியைக் கழற்றிவிட்டு, மெழுகு பூசிய தடித்த நூலால் ஐந்து துளை போட்டுத் தைத்துவிட்டேன். யாராவது கொண்டுவந்தால் அவர்களுக்கும் தைத்துக் கொடுப்பேன், காசு வேண்டாம்.

மிச்சப் பிரதிகள் பாடசாலை அலுவலகத்தில் இருக்கின்றன. இடைவேளை முடிந்த பிறகு போனால் நிதானமாக எடுத்துத் தருவார்கள். வாங்கும்போதே பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், ஒரு பிரதியில் நடுவில் நான்கு பக்கங்கள் தலைகீழாகக் கோக்கப்பட்டிருந்தன. பின் அட்டையின் உட்புறம் நண்பர்களிடம் கையெழுத்து வாங்குவதற்காக வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. ஆனால் அது வழுவழுப்பான மட்டை, சாதாரணப் பேனை மை காயாமல் இழுபடும். பிள்ளையிடம் அழியாத மை மார்க்கர் ஒன்று வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.