பகிர்வு சைக்கிள்: பூட்டும் இடத்தில்தான் சேவையின் தரம் தெரிகிறது

சிங்கப்பூரில் செயலி வழியே வாடகைக்கு எடுத்து ஓட்டும் பகிர்வு சைக்கிள்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இருக்கையின் உயரம், மிதிப்பதில் உள்ள பாரம், அரைமணி நேரக் கட்டணம் என்று தொடங்குவார்கள். நான் பயணம் முடியும் இடத்திலிருந்து தொடங்குகிறேன். மஞ்சள் கோடு போட்ட பெட்டிக்குள் வண்டியை நிறுத்திப் பூட்டி, அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்கிறோம். பயணம் முடிந்தது என்று செயலி காட்டும் வரை கட்டணம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் சேவை நம்பத்தக்கதா இல்லையா என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான் செங்காங்கில் குடியிருக்கிறேன். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் முறைமாற்று வேலை. வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தால் தூரம் அதிகம். பஸ் பிடித்தால் குடியிருப்புப் பேட்டையைச் சுற்றிக்கொண்டு போகும். காலை முறை என்றால் சைக்கிள்தான். மாதச் சந்தா கட்டி, தொடர்ந்து ஒரே நிறுவனத்தின் வண்டிகளைப் பயன்படுத்தி வருகிறேன். கீழே சொல்லப்போகும் குறை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியது என்று நான் கருதவில்லை. அதனால் பெயரைச் சொல்லவில்லை.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் சட்டகம் கனமானது, மேட்டில் மூச்சு வாங்கும். கூடை உறுதியானது, மதிய உணவுப் பையும் குடையும் அடங்கும். பூட்டைத் திறப்பதற்கு முன் இரண்டு பிரேக்குகளையும் அழுத்திப் பாருங்கள். பொதுப் பாதையில் ஓடும் ஒவ்வொரு சைக்கிளிலும் வேலை செய்யும் கைப்பிரேக் குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது 2022 பிப்ரவரி முதல் விதி. வாடகை வண்டி என்பதற்காக அதை நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது. தளர்ந்த பிரேக்குள்ள வண்டிகள் என் கையில் அகப்பட்டிருக்கின்றன. அவற்றைச் செயலியில் பழுது என்று குறித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். குறித்த வண்டிகள் மறுநாள் பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பதில்லை. அந்த அளவுக்குப் பராமரிப்பு நடக்கிறது.

இனி விதிகளுக்கு வருகிறேன். இவற்றை அலுப்பூட்டும் விவரம் என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2017இல் இங்கே நடந்ததைப் பார்த்தவர்கள் அப்படித் தாண்ட மாட்டார்கள். அந்த ஆண்டு ஓபைக், ஓஃபோ, மோபைக் என்று நிறுவனங்கள் அடுத்தடுத்து வந்து இறங்கின. எங்கிருந்தும் எடுக்கலாம், எங்கேயும் விடலாம் என்பதுதான் அவற்றின் கவர்ச்சியே. விட்டார்கள், எங்கேயும் விட்டார்கள். மின்தூக்கி வாசலில், பஸ் நிறுத்தத்தில், நடைபாதையின் குறுக்கே, கால்வாய்க்குள்ளேகூடச் சைக்கிள்கள் கிடந்தன. என் அம்மா அப்போது முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்தார். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சாய்ந்து கிடந்த ஒரு வண்டியைத் தாண்ட முடியாமல், யாராவது வந்து நகர்த்தட்டும் என்று அங்கேயே நின்றுகொண்டிருப்பார். பார்வையற்றவர்களுக்காகப் பதித்திருக்கும் மேடுள்ள ஓடுகளின்மீதே வரிசையாக நிறுத்தியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பகிர்வு என்று பெயர் வைத்துக்கொண்டு, பாதையில் மற்றவர்களுக்கு இருந்த பங்கைப் பறித்ததுதான் நடந்தது.

பணத்திலும் அதே அலட்சியம் இருந்தது. ஓபைக்கில் சேர்ந்தவர்கள் 49 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வைப்புத்தொகை கட்டியிருந்தார்கள். 2018 ஜூனில் அந்த நிறுவனம் சிங்கப்பூரில் சேவையை நிறுத்துவதாக அறிவித்தபோது, ஆயிரக்கணக்கானோர் அந்தத் தொகை எப்போது திரும்பக் கிடைக்கும் என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு ஓஃபோவின் உரிமமும் 2019இல் ரத்தானது. மோபைக் தானே விலகியது.

2018 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறுத்துமிடச் சட்டத்தைத் திருத்தியது. அதன்பின் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமம் இல்லாமல் இந்தத் தொழிலை நடத்த முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை வண்டிகள் வைத்திருக்கலாம் என்பதையும் ஆணையம்தான் வரையறுக்கிறது. விதி மீறும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 100,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம், வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், உரிமத்தையே நிறுத்திவைக்கலாம். பயணியின் பக்கத்திலும் ஒரு கடமை வந்தது: நிறுத்துமிடத்தின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துதான் பயணத்தை முடிக்க வேண்டும். செய்யாவிட்டால் 5 வெள்ளி. ஓராண்டில் மூன்று முறை தவறினால் அந்த ஒரு நிறுவனம் மட்டுமல்ல, உரிமம் பெற்ற எல்லா நிறுவனங்களின் சேவையும் ஒரு மாதம் வரை கிடைக்காது.

இந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. தயங்காமல் சொல்கிறேன். இன்று புளோக்கின் கீழே சைக்கிள்கள் கோட்டுக்குள் நிற்கின்றன. அம்மா கடைக்குப் போகும் வழி திறந்திருக்கிறது. பாரிஸ் நகரம் வாடகை மின்ஸ்கூட்டர்கள் வேண்டுமா என்று 2023 ஏப்ரலில் வாக்கெடுப்பு வைத்தது. வந்து வாக்களித்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. அவர்களில் 89 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பருக்குள் அவை தெருவிலிருந்து மறைந்தன. சேவையை ஒழிக்காமல், அது நிற்க வேண்டிய இடத்தைக் கோடு போட்டுக் காட்டிய வழி மேலானது என்று நினைக்கிறேன். மின்ஸ்கூட்டர் விஷயத்தில் சிங்கப்பூரும் கடுமையாகத்தான் நடந்துகொண்டது. 2019 நவம்பரில் நடைபாதைகளில் அவற்றைத் தடைசெய்தது. வேகமும் எடையும் கூடிய வண்டிக்கு அது பொருந்தும். மிதிவண்டிக்குப் பெட்டி போதும்.

ஆனால் பெட்டியை நம்பி ஒரு விதி இயங்கும்போது, பெட்டி சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் என் குறை.

ஒரு மாலை, வேலை முடிந்து, நிலையத்துக்குப் பக்கத்தில் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் வண்டியை விட்டேன். ஒட்டியிருந்த குறியீட்டை யாரோ சுரண்டியிருந்தார்கள். கைப்பேசியை எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் படிக்கவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த பெட்டி நிரம்பி வழிந்தது. செயலியில் எந்தப் பெட்டியில் இடம் இருக்கிறது என்று காட்டும் வசதி இல்லை. கோட்டுக்குள் வண்டி நிற்பதையும் கிழிந்த குறியீட்டையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு, ஸ்கேன் செய்யாமலேயே பயணத்தை முடித்தேன். 5 வெள்ளி பிடித்தார்கள். புகார் எழுதினேன். முதலில் வந்தது தானியங்கிப் பதில். விதியைத் திரும்ப எனக்கே விளக்கியது. படத்தோடு மறுபடி எழுதிய பிறகு, குறியீட்டைப் பராமரிப்பது தங்கள் பொறுப்பல்ல என்று ஒரு வரி வந்தது.

அந்த வரியில் உண்மை உண்டு. நிலையத்தருகே உள்ள இடத்தை ஆணையம் பார்க்கிறது; வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கீழே நகர மன்றம்; பூங்காவில் தேசியப் பூங்காக் கழகம். பெட்டிக்குப் பெட்டி பொறுப்பாளர் மாறுகிறார். பயணிக்கு இது தெரிய வேண்டிய அவசியம் என்ன? அவர் காசு கொடுப்பது ஒரே இடத்தில். குறியீடு கிழிந்திருக்கிறது என்ற செய்தியைப் பெற்று உரியவருக்கு அனுப்புவது பணம் வாங்குகிறவரின் வேலை.

கடைசியில் 5 வெள்ளி திரும்ப வந்தது. நான் கேட்ட இன்னொரு கேள்விக்கு மட்டும் நேரான பதில் வரவில்லை: என் பெயரில் அந்தத் தவறு பதிவாகியிருக்கிறதா, நீக்கப்பட்டதா? பணத்தைவிட அதுதான் எனக்குப் பெரிது. மூன்று சேர்ந்தால் எல்லா நிறுவனத்திலும் தடை. காலை முறை வேலைக்கு இதையே நம்பியிருக்கும் ஒருவருக்கு ஒரு மாதத் தடை என்பது சிறிய விஷயமல்ல. ஆனாலும் என் கணக்கில் எத்தனை பதிவு இருக்கிறது என்று செயலியில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. வாகன ஓட்டிக்குத் தன் உரிமத்தில் எத்தனை குற்றப் புள்ளிகள் இருக்கின்றன என்று பார்க்க வழி இருக்கிறது. சைக்கிள் பயணிக்கும் அதே மரியாதை வேண்டும்.

காலை நேர நெரிசலையும் சொல்ல வேண்டும். ஏழு மணிக்கெல்லாம் எங்கள் புளோக்கின் பெட்டி காலியாகிவிடுகிறது. நிலையத்தின் பெட்டி பிதுங்குகிறது. லாரி வந்து வண்டிகளை ஏற்றித் திரும்ப இறக்குவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அது நெரிசல் அடங்கிய பிறகுதான் வருகிறது. எண்ணிக்கைக்கு ஆணையம் வரம்பு வைத்திருக்கும்போது, இருக்கும் வண்டிகளைச் சரியான நேரத்தில் நகர்த்துவதில்தான் நிறுவனத்தின் திறமை இருக்கிறது. அதில் என் நிறுவனத்துக்குப் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

புதிதாகச் சேர்கிறவர்கள் கவனிக்க வேண்டியது தலைக்கவசம். சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம்; சைக்கிளோட்டப் பாதையிலும் நடைபாதையிலும் கட்டாயமில்லை. வாடகை வண்டியோடு தலைக்கவசம் வருவதில்லை. ஆகவே சொந்தமாக ஒன்றை எடுத்துச் செல்லாதவர் சாலையில் இறங்கவே கூடாது. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டருக்குமேல் போகவும் கூடாது. சைக்கிளோட்டப் பாதைக்குப் பக்கத்தில் நடப்பவர்களுக்கென்றே ஒதுக்கிய பாதை இருந்தால், 2025 ஜூலை முதல் அதில் ஓட்ட முடியாது. பதிவு செய்யும்போது இவற்றைச் செயலி ஒரு நீண்ட பக்கத்தில் காட்டுகிறது. யாரும் படிக்காத வடிவத்தில் காட்டுகிறது. பூட்டு திறக்கும் நேரத்தில் இரண்டு வரிகளாகக் காட்டினால் படிப்பார்கள்.

செங்காங், பொங்கோல் போல பூங்கா இணைப்புப் பாதைகள் நன்றாக அமைந்த பேட்டையில் இருப்பவர்கள் தாராளமாகச் சந்தா கட்டலாம். பாதை துண்டு துண்டாக இருக்கும் பகுதியில் இருந்தால், முதலில் ஒற்றைப் பயணமாகச் சில நாள் போய்ப் பாருங்கள். வீட்டருகே ஒரு பெட்டி, இறங்கும் இடத்தில் குறைந்தது இரண்டு பெட்டிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பயணத்தை முடிக்கும் முன் வண்டியையும் குறியீட்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. எனக்குப் பணம் திரும்பக் கிடைத்தது அந்தப் படத்தால்தான்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். விதிமீறல் பதிவின் எண்ணிக்கையைச் செயலியில் காட்டவும், கிழிந்த குறியீட்டைப் படத்தோடு அங்கேயே தெரிவிக்கவும் வழி செய்தால் நாலரை தருவேன். இந்த இரண்டையும் கேட்டு நிறுவனத்துக்கும் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் தனித்தனியே எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இந்த மதிப்புரையில் சேர்க்கிறேன்.