காலமைன் லோஷன்: ரெண்டு பாட்டில் முதுகுல பூசித் தீத்தவனோட ரிவ்யூ

அரிப்புக்கு பூசற லோஷன் இது, எந்த கம்பெனின்னு மட்டும் கேக்காதீங்க. மெடிக்கல்ல கைக்கு எது வந்துச்சோ அத குடுத்தாங்க, அது தீந்ததும் வாங்குனது வேற கம்பெனி, ரெண்டுமே அதே ரோஸ் கலர், அதே வாசம், ஒரு வித்தியாசமும் தெரியல. என் ரேட்டிங் அஞ்சுக்கு மூணரை ஸ்டார்.

நான் சேலம் ஏற்காடு டூரிஸ்ட் வண்டி ஓட்டறேன். மே மாசம் நல்ல சீசன், கோடை விழா டைம்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவ கூட மல ஏறி எறங்குவேன், சட்ட காயவே காயாது. அப்பதான் இடது பக்கம் இடுப்புக்கு மேல ஒரு படை மாதிரி வந்துச்சு. முட்ட வடிவம், என் கட்டவெரல் நீளத்துக்கு மேல இருக்கும், நடுவுல லேசா சுருக்கம், ஓரத்த சுத்தி மெல்லிசா தோல் உரிஞ்சு அந்த நுனி உள்பக்கமா தூக்கிட்டு நிக்கும். அரிப்பு கூட பெருசா இல்ல. சீட் பெல்ட் ஒரசுதுன்னு வுட்டுட்டேன்.

ஸ்டாண்டுல காட்டுனா எல்லாரும் ஒரே வார்த்த, படர்தாமரைடா இது. நேரா ஒரு மெடிக்கல்ல போய் கேட்டேன், சீட்டு எதுவும் கேக்கல, ஒரு ட்யூப் எடுத்து வச்சாரு, எல்லாத்துக்கும் கேக்கும்னு சொன்னாரு. பத்து நாள் போட்டேன். மொத ரெண்டு மூணு நாள் செவப்பு கொறஞ்ச மாதிரி இருந்துச்சு, அப்பறம் ஒரு நாள் குளிச்சிட்டு துண்ட எடுக்கறேன் நெஞ்சு, வயிறு, முதுகுன்னு சின்ன சின்னதா முப்பது நாப்பது எடத்துல, மூஞ்சில ஒண்ணு கூட இல்ல, முழங்கைக்கு கீழயும் இல்ல, பனியன் மூடற எடம் பூரா மட்டும்.

வீட்ல அம்மாயி, அதான் எங்கம்மாவோட அம்மா, பாத்துட்டு என்ன திருப்பி நிக்க வச்சு முதுக பாத்துச்சு, ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்பறம் சொல்லுச்சு, ஏன் சாமி, முதுகுல வேப்பங்கொத்து மாதிரியே எறங்கியிருக்குது, இது அம்மந்தான், நீ ரெண்டு நாளைக்கு வண்டி எடுக்காத. அடுத்த நாளே பேச்சு மாறிப்போச்சு, அம்ம இல்ல அக்கி, மண்பான செய்யறவர் வீட்டுக்கு போய் எழுதிட்டு வந்துரலாம்னு ஒரே புடி. காவிய கரச்சு கோழி றெக்கைல தொட்டு எழுதுவாங்க, பாத்திருப்பீங்க. நான் வரலன்னு சொன்னதுக்கு ரெண்டு நாள் எனக்கு கொழம்பு ஊத்தல.

அஞ்சு ரோடு பக்கம் ஒரு ஸ்கின் டாக்டர்ட்ட போனேன். ஒன்றர மணி நேரம் ஒக்கார வச்சாங்க, அது தனி கத. அவர் மொதல்ல கேட்டதே, இதுல எது மொதல்ல வந்துச்சு? இடுப்ப காட்டுனேன், உடனே தலைய ஆட்டுனாரு. உள்ளங்கை, உள்ளங்கால் ரெண்டயும் திருப்பி பாத்தாரு. பிளேடு ஓரத்தால லேசா சொரண்டி கண்ணாடில எடுத்து மருந்து வுட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தாங்க, படர்தாமரைன்னா பூஞ்சை நூல் நூலா தெரியுமாம், ஒண்ணும் தெரியல. அப்பறம் விடிஆர்எல்னு ஒரு ரத்த டெஸ்ட் எழுதுனாரு. அது எதுக்குன்னு தெரிஞ்சதும் எனக்கு வேர்த்துருச்சுங்க, மேகநோயும், அதான் ஒடலுறவுல தொத்தற சிபிலிஸ், சில பேருக்கு இதே மாதிரி ஒடம்பு பூரா வருமாம், அதான் ஒருக்கா பாத்து ஒதுக்கிரலாம், கோவிச்சுக்காதீங்கன்னாரு. ரிசல்ட் ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு, ஆனா அந்த ஒரு நாள் ராத்திரி நான் பட்ட பாடு. உங்களுக்கு எழுதுனாலும் சங்கடப்படாம எடுத்துருங்க.

நோய்க்கு பேர் பிட்டிரியாசிஸ் ரோசியா. ஜிபேர்ங்கற பிரெஞ்சு டாக்டர் 1860ல வச்ச பேராம், பிட்டிரியாசிஸ்னா கிரேக்கத்துல தவிட்டுல இருந்து வந்த வார்த்த, ரோசியான்னா ரோஸ் கலர். தவிடு சரியா பொருந்தும், பனியன ஒதறுனா அப்படித்தான் கொட்டும். ஆனா ரோஸ் கலர் எங்க வந்துச்சு? நெட்ல போய் பாத்தா எல்லாம் வெள்ளக்காரன் முதுகு, செவ செவன்னு இருக்கு. நம்ம கலருக்கு அது பழுப்பா, சாம்பலும் கத்திரிக்காயும் கலந்த மாதிரி தெரியுது, போட்டாவ பாத்துட்டு என்னுது இது இல்லன்னு நெனச்சிராதீங்க.

மொதல்ல ஒரு பெரிய படை, அதுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு சின்னது சின்னதா கூட்டமா, முதுகுல விலா எலும்பு போற சாய்வுலயே எறங்கும், கிறிஸ்துமஸ் மரம் மாதிரின்னு புக்ல போட்டிருக்காம். எங்கம்மாயி கண்ணுக்கு வேப்பங்கொத்து. சின்ன வயசுலயே முக்காவாசி பேருக்கு வந்து ஒடம்புல தூங்கிட்டு இருக்கற ஹெர்ப்பஸ் குடும்பத்து வைரஸ், 6, 7னு நம்பர் வச்சிருக்காங்க, அது முழிச்சுக்கறதுதான் காரணமா இருக்கும்னு சொல்றாங்க. அக்கியும் அதே குடும்பம்தானாம். பாட்டி முழுசா தப்பா சொல்லல, சொந்தக்காரன சொல்லியிருக்காங்கன்னு டாக்டர் சிரிச்சாரு. இத மட்டும் நான் வீட்ல சொல்லல, சொன்னா அக்கி எழுத இழுத்துட்டு போயிரும்.

ஆறுலேர்ந்து எட்டு வாரம், சில பேருக்கு மூணு மாசம் வரைக்கும் இருந்துட்டு தானா போயிரும், ஒட்டிக்காது, தட்டு டம்ளர் தனியா வைக்க வேண்டாம், ஒரு தடவ வந்தா மறுபடி வர்றது அபூர்வம். அப்ப மருந்து? மருந்து தேவையில்ல, அரிப்புக்கு காலமைன் பூசுங்க, ராத்திரி ஒரு மாத்திர. அவ்ளோதான் சீட்டு. அந்த ட்யூப குப்பைல போடுங்கன்னாரு, அதுல ஸ்ட்ராங்கான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூணயும் கலந்திருக்காங்க, நெஜமாவே படர்தாமரையா இருந்திருந்தா மேலாப்புல மறைஞ்சு உள்ள பரவியிருக்கும், ரொம்ப நாள் போட்டா தோல் பட்டர் பேப்பர் மாதிரி ஆயிரும், சீட்டு இல்லாம குடுக்கவே கூடாதுன்னு சத்தம் போட்டாரு.

சரி லோஷனுக்கு வரேன். பாட்டில நல்லா குலுக்கணும், குலுக்காம ஊத்துனா மேல இருக்கற தண்ணி மட்டும்தான் வரும், பவுடர் அடில கெட்டியா தங்கிரும். ஜிங்க் ஆக்சைடுதான் சரக்கு, ரோஸ் கலர் கொஞ்சூண்டு இரும்பு ஆக்சைடால வருது, துரு மாதிரின்னு வச்சுக்கங்க. பூசுனதும் தண்ணி ஆவியாகும்போது சில்லுனு இருக்கும், அந்த சில்லுதான் அரிப்ப அமுக்குது, அப்பறம் பவுடர் காஞ்சு ஒட்டிக்கும். எனக்கு ஒரு பூச்சுக்கு ரெண்டு மணி நேரம் தாங்குச்சு. மின்விசிறிக்கு கீழ ஒக்காந்து பூசுனா இன்னும் நல்லாருக்கு.

முதுகுக்கு யாரு பூசறது? அம்மாயி தான். பஞ்சுல தொட்டா பஞ்சே பாதி குடிச்சிருது, கைல பூசுனா வழியுது. எங்க இருந்தோ ஒரு கோழி றெக்கய எடுத்து சோப்பு போட்டு கழுவி காய வச்சு, கிண்ணத்துல லோஷன ஊத்தி, ஒவ்வொரு புள்ளியா சுத்தி வளச்சு எழுதுச்சு, அக்கி எழுதற மாதிரியே. வாய் வேற ஏதோ முணுமுணுத்துச்சு. ஆனா ஒண்ணு, ஒரு சொட்டு வேஸ்ட் ஆகாது, மெல்லிசா சமமா படியுது, இத எந்த டாக்டரும் சொல்லித்தர மாட்டாங்க. முதுகு பூரா எழுத இருவது நிமிஷம் ஆகும், எனக்கு பாதிலயே தூக்கம் சொக்கும்.

கொறைக்கு வருவோம். துணில ஒட்டும், என் நேவி ப்ளூ சட்ட ரெண்டும் உள்பக்கம் சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி ஆயிருச்சு, சீட் கவர்ல முதுகு அச்சே விழுந்துருச்சு, ஓனர் பாத்துட்டு என்னய்யா வண்டில கோலம் போட்டிருக்கன்னு கேட்டாரு. அதுக்கு அர ஸ்டார் கட். அடுத்து, இது காய வைக்கும். இந்த நோயிலயே தோல் காஞ்சு உரியுது, அதுக்கு மேல இதயும் நாலு தடவ பூசுனா தோல் இழுத்து புடிக்கும், ஏற்காட்டு மேல குளிர் காத்து பட்டா சுருக்குனு இருக்கும். குளிச்ச உடனே ஈரத்தோட பெட்ரோலியம் ஜெல்லி இல்லாட்டி தேங்கா எண்ண லேசா, அரிக்கற நேரத்துக்கு மட்டும் லோஷன்னு மாத்துன பின்னாடிதான் சரியாச்சு, பாட்டில் மேல இத ஒருத்தனும் எழுதல. அதுக்கு ஒரு ஸ்டார் கட். முகத்துக்கு பூசற க்ரீம் டைப்லயும் காலமைன்னு பேர் போட்டு விக்கறாங்க, அது வேற, பாத்து வாங்குங்க.

இதோட வேல அரிப்ப அமுக்கறது மட்டும்தான், ஒரு புள்ளிய கூட ஒரு நாள் சீக்கிரம் மறைய வைக்காது. அது தெரியாம மொத வாரம் தெனமும் கண்ணாடி முன்னால நின்னு எண்ணிட்டு இருந்தேன், எண்ண எண்ண கூடிட்டே போச்சு.

லோஷன விட பெரிய மருந்து எனக்கு அந்த ரோடுதான். அடிவாரத்துல இருந்து இருவது ஹேர்பின், மேல ஏற ஏற வேர்வ அடங்கும், ஏரிக்கு வர்றப்ப அரிப்பு இருந்த எடமே தெரியாது, திரும்பி எறங்கி அடிவாரம் செக்போஸ்ட் தாண்டுனா முதுகுல எறும்பு வுட்ட மாதிரி ஆரம்பிச்சிரும். சூடும் வேர்வயும்தான் இதுக்கு எதிரி. சுடுதண்ணி குளியல நிறுத்தினேன், மருந்து வாச செவப்பு சோப்ப நிறுத்தினேன், பாலியஸ்டர் சட்டைக்கு பதில் காட்டன், பாதி அரிப்பு அதுலயே போச்சு.

மாத்திர விஷயம் டிரைவருங்க கண்டிப்பா படிங்க. குடுத்தது செட்ரிசின், ராத்திரிதான் போடச் சொன்னாரு, நான் ஒரு நாள் அரிப்பு தாங்காம காலைல போட்டுட்டு ஏறுனேன், பாதி மல தாண்டும்போது கண்ணு சொக்குது, பின்னால ஒரு குடும்பம், ரெண்டு கொழந்தைங்க. வண்டிய ஓரங்கட்டி மூஞ்ச கழுவி, இஞ்சின் சூடாயிருச்சு சார்னு பொய் சொல்லி அர மணி நேரம் நின்னேன். என் தப்புதான். அப்பறம் டாக்டர்ட்ட உண்மைய சொன்னேன், தூக்கம் அவ்வளவா வராத ஃபெக்ஸோஃபெனடின்னு மாத்தி குடுத்தாரு. மொத தடவ போனப்ப என்ன வேல பாக்கறீங்கன்னு அவர் கேக்கல, நானும் சொல்லல.

இன்னொண்ணு, மாசமா இருக்கறவங்களுக்கு இது வந்தா காலமைன் பூசிட்டு வீட்ல ஒக்காந்திராதீங்க, அதுவும் மொத 15 வாரத்துல வந்தா கருவுக்கு ஆபத்து வர வாய்ப்பு இருக்கு, உடனே டாக்டர்ட்ட போகணும். மூணு மாசம் தாண்டியும் போகலைன்னாலும், உள்ளங்கை உள்ளங்கால்ல வந்தாலும் மறுபடி காட்டிருங்க.

எனக்கு மொத்தம் ஒம்பது வாரம். மொதல்ல வந்த இடுப்பு படைதான் கடைசியா போச்சு. சரியா ஆடி பொறந்து கோட்ட மாரியம்மனுக்கு கூட்டம் அலமோதற நேரம் முதுகு வெளுத்துருச்சா, அம்மாயி போய் கூழ் ஊத்திட்டு வந்து ஒரு பார்வ பாத்துச்சு பாருங்க, நான் வாயே தெறக்கல. புள்ளி இருந்த எடமெல்லாம் கருப்பா தடம் இருக்கு, நம்ம கலருக்கு அது மாசக்கணக்குல இருந்துட்டுதான் போகுமாம், அதுக்கும் லோஷன் ஒண்ணும் பண்ணாது.

ரெண்டாவது பாட்டில்ல இன்னும் கால்வாசி கெடக்கு. அம்மாயி கழுத்து வேர்க்குருவுக்கு எடுத்து பூசிக்குது, அதே றெக்கைல.