தைலம் பட்டாலும் கரையாத எழுத்து

கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே நீலகிரித் தைலத்தைச் சிறு புட்டிகளில் அடைத்து விற்கிறேன். போன வருடம் லேபிள்களை டிஜிட்டல் முறையில் அச்சடித்து வாங்கினேன். இலையின் நரம்புகூடத் தெளிவாக விழுந்திருந்தது. ஒருநாள் புட்டியை மூடும்போது வழிந்த ஒரு சொட்டு லேபிளில் இறங்க, விரலால் துடைத்தேன். ‘தைலம்’ என்ற சொல்லில் ‘தை’ மட்டும் மிஞ்சியது. மீதி என் விரலில் கறுப்பாக ஒட்டியிருந்தது.

அந்தப் புட்டியோடுதான் ஊட்டி லோயர் பஜார் பக்கம், ஒரு மாடியில் இருக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் (வலை வழியே மையைத் தள்ளி அச்சடிக்கும் முறை) கடைக்குப் போனேன். கடைக்காரர் விலை பேசவில்லை. “தைலத்தைக் கொஞ்சம் கொடுங்கம்மா” என்று வாங்கிப் பஞ்சில் நனைத்தார். என் லேபிளையும், பிளேட் வைத்து மையால் அச்சடிக்கும் ஆப்செட் முறையில் வந்த ஒரு லேபிளையும் மேசையில் வைத்துப் பத்துத் தடவை தேய்த்தார். என்னுடையது மறுபடியும் கரைந்தது. என் டிஜிட்டல் லேபிளில் இருந்த டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த பொடி. சூட்டில் உருகித் தாளின்மேல் ஒட்டிக்கொள்வது. தைலம் அதை இளக்கிவிடுகிறது. ஆப்செட் மையோ காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. பஞ்சில் லேசான சாயல்தான் ஏறியிருந்தது. மேலே வார்னிஷ் பூசினால் அதுவும் வராது என்றார்.

“லேபிளை என்னிடம் அடிக்காதீர்கள்” என்று அவரே சொன்னதுதான் எனக்கு இந்தக் கடையைப் பிடித்துப்போகக் காரணம். பல வண்ணப் படத்தை ஸ்கிரீனில் அடித்தால் புள்ளிகள் பெரிதாகத் தெரியுமாம். ஆப்செட்டில் பிளேட் செலவு 200 தாளுக்கும் 2000 தாளுக்கும் ஒன்றுதான். அதனால் விலையையும் தேதியையும் ரப்பர் முத்திரைக்கு விட்டுவிட்டு, 2000 லேபிளாக அடித்துவைக்கச் சொன்னார். கோயம்புத்தூரில் அப்படியே செய்துகொண்டேன்.

அவரிடம் கொடுத்தது அட்டைப்பெட்டி வேலை, 200 பெட்டிகள். முன்பு வெள்ளை அட்டை முழுக்கப் பச்சையை டிஜிட்டலில் அடித்திருந்தேன். மடிப்பில் பச்சை உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரிந்தது. இவர் அட்டையையே கரும்பச்சையாக வாங்கி, அதன்மேல் வெள்ளை எழுத்தை ஸ்கிரீனில் அடித்தார். வலைச் சட்டத்தின்மேல் ரப்பர் பட்டையை ஒரே இழுப்பாக இழுத்துச் சட்டத்தைத் தூக்கியபோது, அட்டையில் எழுத்துகள் ஈரத்தோடு மினுங்கின. ஸ்கிரீன் மை தடிமனாகப் படிவதால் அடியிலுள்ள பச்சை துளியும் எட்டிப்பார்க்கவில்லை. காய்ந்தபின் தடவினால் எழுத்து விரலுக்குத் தட்டுப்படுகிறது. அட்டையே நிறமாக இருப்பதால் மடிப்பில் உதிர ஒன்றுமில்லை.

குறையென்றால், மழைக்காலத்தில் சொன்ன தேதிக்குக் கிடைக்காது. சாரல் நாட்களில் மை காய மறுத்ததால் எனக்கு மூன்று நாள் தள்ளிப்போனது. மெல்லிய எழுத்தும் கேட்காதீர்கள். என் முகவரி வரியில் இரண்டு பெட்டிகளில் மை அடைத்துக்கொண்டுவிட்டது, அவற்றுக்கு அவர் காசு வாங்கவில்லை. போகும்போது உங்கள் பொருளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பஞ்சு அவர் வைத்திருக்கிறார்.