கேட்காமல் தூக்காதீங்க: தீம் பார்க்கும் என் வீல்சேரும்

லேத் பட்டறையில் வீல்சேர் ஆர்ம்ரெஸ்ட்டுக்குப் புது பின் கடைந்து மாட்டிக்கொண்டு வந்த கையோடு எழுதுகிறேன். அதனால் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் பார்த்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வீல்சேரில்தான் இருக்காங்க. பேரப்பசங்க தீம் பார்க் போகணும்னு அடம். அம்மாவையும் கூட்டிட்டுப் போகலாமா? நீங்கதான் அடிக்கடி போறீங்களே."

ஆமாம், போகிறேன். மகள் எல்கேஜி சேர்ந்த காலத்திலிருந்து சென்னைக்கு வெளியே உள்ள ஒரு பார்க்குக்கே திரும்பத் திரும்ப. பெயர் வேண்டாம். வேறு ஊர்களில் வேறு பார்க்குகளுக்குப் போய்வந்த வீல்சேர் நண்பர்களும் அச்சு அசலாக இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். ராம்ப் நன்றாக இருக்கிறது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. நம் ஊரில் பாதிப் பேர் நான்கடியில் முடித்துவிட்டு, அதன் மேல் வழவழ டைல்ஸும் ஒட்டிவைப்பார்கள். இங்கே ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். யாரும் தள்ளாமலே நுழைவாயிலில் ஏறிவிடுவேன். டாய்லெட் கதவு அகலம், உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. முன்பெல்லாம் அது துடைப்பமும் பினாயில் கேனும் அடுக்கிப் பூட்டிய அறை. சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் அவசரம் தீர்ந்து வேறு பிரச்சினை ஆரம்பித்திருக்கும். இப்போது திறந்தே கிடக்கிறது. வேவ் பூலில் படிக்கட்டுக்குப் பதில் கடற்கரை மாதிரி சரிவு வைத்திருக்கிறார்கள், சேரோடு முழங்கால் ஆழம் வரை போய்விடலாம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்காவிட்டால் குளோரின் முன்சக்கரத்து பேரிங்கைத் தின்றுவிடும்.

பெரிய ரைடுகளில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. ரோலர் கோஸ்டர் பாதி உயரத்தில் நின்றுபோனால் பக்கவாட்டுப் படியில் நடந்துதான் இறங்க வேண்டும். மடியை அழுத்திப் பிடிக்கும் கம்பி, தொடையும் இடுப்பும் தாங்கும் என்ற கணக்கில் செய்தது. 2011-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், டேரியன் லேக் பூங்காவில், போரில் இரண்டு கால்களையும் இழந்த ஒருவர் ரோலர் கோஸ்டரிலிருந்து தூக்கி வீசப்பட்டு இறந்தார். அவரை ஏற்றியிருக்கவே கூடாது. ஆகவே காரணம் சொல்லி மறுத்தால் சரி என்று நகர்ந்துவிடுவேன்.

என் பிரச்சினை வேறு. அந்த பார்க்கில் மரியாதைக்குப் பஞ்சமே இல்லை. உள்ளே நுழைந்ததும் செக்யூரிட்டி ஓடிவருவார். "கூட யார் வந்திருக்காங்க சார்?" நாற்பதை நெருங்குகிற ஆள், கார் ஓட்டிக்கொண்டு வந்தவன், நான் டிக்கெட்டை நீட்டிக்கொண்டிருக்கும்போதே கேள்வி என் தலைக்கு மேலே என் மனைவியிடம் போகும். "சார் உட்காருவாங்களா மேடம்?" உட்கார்ந்துதானே இருக்கிறேன்! இதைக்கூடச் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம். ஆனால் அடுத்த நொடி பின்னாலிருந்து யாரோ கைப்பிடியைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்திருப்பார். எங்கே போகிறோம் என்று எனக்கே தெரியாது. முன்சக்கரம் சின்னது, வடிகால் மூடிக் கம்பிகளின் இடைவெளியில் கச்சிதமாக மாட்டும். நானே ஓட்டினால் முன்பக்கத்தை லேசாகத் தூக்கித் தாண்டிவிடுவேன். தள்ளுகிறவர் வேகமாக வந்தால் சேர் அங்கேயே நின்றுவிடும், நான் மட்டும் முன்னால் போவேன்.

ஆர்ம்ரெஸ்ட் பின் உடைந்த கதையும் இதுதான். உலர் ரைடு ஒன்றுக்கு மூன்று படி. அங்கே மட்டும் ராம்ப் இல்லை. "ஒரு நிமிஷம் தம்பி, எங்கே பிடிக்கணும்னு சொல்றேன்" என்று வாய் திறப்பதற்குள் ஊழியர் பையன்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் ஆர்ம்ரெஸ்ட்டைப் பிடித்து "ஹேய்ய்" என்று தூக்கினார்கள். ஆர்ம்ரெஸ்ட் கழற்றுவதற்காகவே செய்தது. படுக்கைக்கோ கார் சீட்டுக்கோ மாறும்போது அது கழன்றால்தான் வசதி. அதைத் தாங்குவது விரல் நீளம்கூட இல்லாத ஒரு பின். இடது பக்கம் படக்கென்று கழன்று அந்தப் பையன் கையோடு போனது. நான் இடது பக்கமாகச் சரிந்தேன். கால்கள் வெடவெடவென்று உதறத் தொடங்கின. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு இது சகஜம், ஆனால் பார்த்தவர்கள் வலிப்பு என்று நினைத்து யாரோ என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். மகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையிலிருந்து ஒரு அம்மா "பாவம், எதுக்கு இவரை எல்லாம் கூட்டிட்டு வராங்க" என்றார்.

மேனேஜர் வந்தார். ஜூஸ் கொடுத்தார். "பசங்க நல்ல மனசோடதான் சார் செஞ்சாங்க" என்றார். அதுதான் எரிச்சலே! நல்ல மனசு என்று சொல்லிவிட்டால் எதிரே நிற்பவன் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். திட்டினால் நன்றிகெட்டவன் ஆகிவிடுவேன். வேலூர் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்து, ஒரு பலகையைப் போட்டு வழுக்கி சேரிலிருந்து கட்டிலுக்கும் காருக்கும் மாறுவதைத் தோள் கழன்றுவிடும் அளவுக்குப் பழகியவன் நான். என்னைத் தூக்க ஆளே வேண்டாம். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் பிரேக்கைப் போட்டுவிட்டு, பின்னால் ஒருவர் கழலாத கைப்பிடியையும், முன்னால் ஒருவர் ஃபுட்ரெஸ்ட்டை விட்டு அடிச்சட்டத்தையும் பிடிக்க வேண்டும். இவ்வளவுதான் பாடம், அரைப் பக்கம் வரும்.

இதைக் கற்றுக்கொள்ள முடியாத ஊழியர்கள் இல்லை. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். அதே பார்க்கில் படகு ரைடில் ஒரு வடநாட்டுப் பையன் இருக்கிறான். தமிழ் அரைகுறை. வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்து, "அண்ணா, எந்த சைடு?" என்றான். வலது பக்கம் என்றேன். படகை வலது பக்கம் அணைத்துக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். என்னைத் தொடவே இல்லை. நான் மாறி உட்கார்ந்ததும் சேரின் பிரேக்கைப் போட்டு நிழலில் நிறுத்தினான். திரும்பி வந்தபோது சீட் சுடவில்லை. வெயிலில் நின்ற ரெக்சின் சீட்டில் உட்கார்ந்தால் உணர்வில்லாத தோல் வெந்துபோகும், நமக்குத் தெரியவே தெரியாது, ராத்திரி கொப்புளம் பார்த்துத்தான் தெரியும். இதையெல்லாம் அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. நிச்சயமாக அந்த மேனேஜர் இல்லை.

சட்டம் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் தனியார் இடங்களையும் சேர்த்தே பேசுகிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு மூன்று மாதக் கெடு கொடுத்தது. ராம்ப்பும் கதவு அகலமும் அந்த வழியில் வந்துவிடும். அமெரிக்காவில் சான் அன்டோனியோவில் மார்கன்ஸ் வொண்டர்லாண்ட் என்று ஒரு பூங்கா 2010-லிருந்து இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசம், வீல்சேரோடு ஏறும் ராட்டினம் உண்டு, 2017-ல் திறந்த அவர்களுடைய தண்ணீர்ப் பூங்காவில் காற்றழுத்தத்தில் ஓடும், நனைந்தாலும் பழுதாகாத வீல்சேர் தருகிறார்கள். அவ்வளவெல்லாம் நான் கேட்கவில்லை. மெரினாவில் 2022-ல் மரப்பாதை போட்டார்களே, அதில் நான் பாட்டுக்குக் கடல் வரை போய் நின்றுவிட்டு வருவேன். அங்கே உதவிக்கு ஆள் ஓடி வருவதில்லை, அதனாலேயே பிடிக்கும்.

இப்போது நண்பரின் அம்மா விஷயம். அவருக்கு இந்தக் கேட்காத கைகளால் என்னைவிட ஆபத்து அதிகம். பக்கவாதம் வந்த பக்கத்துத் தோளில் மூட்டைப் பிடித்துவைக்கும் தசை தளர்ந்திருக்கும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலோ அந்தக் கையைப் பிடித்து இழுத்தாலோ மூட்டு நழுவும், வலி மாதக்கணக்கில் போகாது. யாராவது ஓடிவந்தால் நீங்கள் குறுக்கே நின்றுவிடுங்கள், மரியாதை எல்லாம் பார்க்க வேண்டாம். செயலிழந்த கை ஆர்ம்ரெஸ்ட்டிலிருந்து நழுவிச் சக்கரக் கம்பிக்குள் போகும், மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் கையை வையுங்கள். உட்காரும் குஷன் மறக்காதீர்கள். சரிவில் இறக்கும்போது சேரைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்குங்கள். வார நாளில் போங்கள், மே மாதம் வேண்டவே வேண்டாம்.

ராம்ப், டாய்லெட், வேவ் பூல் எல்லாம் வைத்துப் பார்த்தால் நம் பக்கத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தாராளமாகக் கூட்டிப் போங்கள், அம்மாவுக்கும் பிடிக்கும். நான் இந்த வருஷம் போவதாக இல்லை. மகளை அவள் சித்தப்பாவோடு அனுப்பப்போகிறேன். அந்த மூன்று படிக்கு ராம்ப் போட்டு, அந்த அரைப் பக்கத்தையும் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கூப்பிடட்டும், பார்க்கலாம்.