சென்னை சீரியலா, கோலாலம்பூர் நாடகமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் நடிப்பு ஆசையோடு வளர்கிற பிள்ளைகளுக்கு இரண்டு வழிதான் கண்ணில் படும். கோலாலம்பூர் போனால் ஆஸ்ட்ரோ, ஆர்டிஎம் என்று டிவி நாடக வாய்ப்பு உண்டு, நம் பேச்சிலேயே நடிக்கலாம், தீபாவளிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் நாடகம் சில வாரங்களில் முடிந்துவிடும், அப்புறம் அடுத்த அழைப்பு வரும்வரை வேறு பிழைப்புதான். சென்னை வேறு. மெகா சீரியல் வருடக்கணக்கில் ஓடும், ஒரே நாளில் பல காட்சிகளை எடுத்துத் தள்ளுவார்கள், வசனத்தாள் சிலசமயம் மேக்கப் போடும்போதுதான் கைக்கு வரும், உங்கள் குரலுக்குப் பதில் வேறொருவர் டப்பிங் பேசினாலும் பேசுவார். நமக்கு அது வெளிநாடு, பொதுவாக வேலை விசா வேண்டும். என்னைக் கேட்டால் முதலில் கோலாலம்பூர். இரண்டு மூன்று நாடகத்தில் முகம் பதிந்தபின் சென்னைக்குப் போனால் மரியாதையே தனி.