பஸ் டிரைவரில் பிராசசருக்கு என்ன வேலை?

சிங்கப்பூரின் உபியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை (கணினிக்குள் தரவு ஓடும் பாதையான பஸ்ஸில் செருகுவது) ஒன்று உண்டு. இயந்திரங்களிலிருந்து அளவுகளை வாங்கித் தருவது அதன் வேலை. இன்டெல் பெட்டியில் வருடக்கணக்காகச் சமர்த்தாக ஓடியது. போன வருடம் அதை வேறு ரகப் பிராசசர் கொண்ட 64 பிட் ஆர்ம் போர்டில் செருகினோம். அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஒரு முனகல் இல்லாமல் கம்பைல் ஆனது. லோடு செய்த நொடியில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் விழுந்தது.

தோண்டிப் பார்த்தால், டிரைவரை எழுதியவர் அட்டையின் அமைப்பு விவரங்கள் இருக்கும் கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டரைப் படிக்க சிஎஃப்8, சிஎஃப்சி என்ற ஐஓ போர்ட்டுகளில் (நினைவகத்திலிருந்து தனியான முகவரி வாசல்கள்) நேராகக் கை வைத்திருந்தார். இன்டெல் ரகப் பிராசசரான எக்ஸ்86-இல் அந்தக் கதவு உண்டு. ஆர்மில் போர்ட் கட்டளையே கிடையாது. லினக்ஸ் அதை நினைவக முகவரியாக மாற்றிக் கொடுக்கும். அந்த முகவரியில் எதுவும் மேப் ஆகியிருக்காவிட்டால் கதை முடிந்தது.

இங்கே சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு முகவரி எப்படி? புளோக் எண், மாடி, வீட்டு எண் தெரிந்தால் போதும், யாரையும் கேட்காமல் கதவைத் தட்டலாம். கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டர்களை நினைவக முகவரிகளாகவே காட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸின் ஈகேம் முறையும் அப்படித்தான். 256 பஸ், ஒவ்வொன்றிலும் 32 டிவைஸ், ஒவ்வொன்றிலும் 8 ஃபங்ஷன் (டிவைஸின் உட்பிரிவு), ஒவ்வொன்றுக்கும் 4 கேபி. மொத்தம் 256 எம்பி நினைவக வெளி. பஸ் எண்ணை 20 பிட், டிவைஸை 15, ஃபங்ஷனை 12 இடப்பக்கம் தள்ளிக் கூட்டினால் முகவரி தயார். பழைய சிஎஃப்8 வழியோ காவலாளிக் கூண்டு மாதிரி. முதலில் முகவரியை எழுதிக் கொடு, அப்புறம் அடுத்த ஜன்னலில் பொருளை வாங்கு. நடுவில் இன்னொருவர் நுழைந்தால் குழப்பம் என்பதால் பூட்டும் போட வேண்டும்.

சரி, இந்த வித்தியாசங்களை டிரைவர்களின் கண்ணில் படாமல் எங்கே வைப்பது? எனக்குத் தெரிந்து மூன்று வழிகள்.

முதல் வழி லினக்ஸின் பழைய பழக்கம். பிசிஐ-பயாஸ் என்ற முன்னொட்டோடு சில ஃபங்ஷன்கள் (இங்கே நிரல் துண்டுகள்). பொதுக் குறியீட்டில் ஒரு சோப்ளாங்கி வடிவம் இருக்கும். ஒரு ஆர்க்கிடெக்சர் (பிராசசர் ரகம்) தன் சொந்த வடிவத்தை எழுதினால், நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கர் அதை எடுத்துக்கொள்ளும். எழுதச் சுலபம். ஆனால் முடிவு பில்டு நேரத்திலேயே எடுக்கப்பட்டுவிடும், ஒரு கெர்னலுக்கு ஒரே வடிவம்தான். ஒரே இமேஜ் பத்து விதமான ஆர்ம் போர்டுகளில் ஓட வேண்டுமென்றால் அந்த ஒற்றை ஃபங்ஷனுக்குள் இஃப்-எல்ஸ் குவியும். இதை இன்றைக்குப் புதிதாக யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

இரண்டாவது, எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுவது என்று ஓடும்போதே சொல்லும் ஃபங்ஷன் பாயின்டர் அட்டவணை. பிராசசரையும் பஸ்ஸையும் இணைக்கும் ஒவ்வொரு ஹோஸ்ட் பிரிட்ஜும் தன் படிக்கும், எழுதும், முகவரி கண்டுபிடிக்கும் ஃபங்ஷன்களைக் கொடுக்கும். லினக்ஸ் இங்கேதான் ஒரு உண்மையை ஒத்துக்கொண்டது. ஆர்க்கிடெக்சர் குறியீடு என்று நாம் திட்டியதில் பெரும்பகுதிக்கும் பிராசசருக்கும் சம்பந்தமே இல்லை, அது ஹோஸ்ட் பிரிட்ஜின் குணம். 2013இல் அந்தக் குறியீடு ஆர்ம் அடைவிலிருந்து டிரைவர் அடைவுக்குக் குடிபெயரத் தொடங்கியது. ஈகேமை ஒழுங்காகப் பின்பற்றும் வன்பொருள் என்றால் பொது டிரைவர் ஒன்றே போதும், வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் சில வரிகள், அவ்வளவுதான்.

ஒழுங்காகப் பின்பற்றினால்! சில பிரிட்ஜ்கள் 32 பிட் அகலத்தில் மட்டுமே எழுத விடும். கமாண்ட் ரெஜிஸ்டர் 16 பிட், அதை ஒட்டியே ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் 16 பிட். கமாண்டை மட்டும் மாற்ற இரண்டையும் சேர்த்துப் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டும். ஸ்டேட்டஸில் சில பிட்டுகள் 1 எழுதினால் அழியும் ரகம். ஆக, யாரும் பார்க்காத பிழைக் குறிப்புகளை நாமே துடைத்துவிடுவோம். இதற்கென்று லினக்ஸில் தனி 32 பிட் ஃபங்ஷன் உண்டு, கூடவே ஒரு எச்சரிக்கையும் அச்சாகும். டிவைஸ் ட்ரீக்குப் பதில் வன்பொருளை விவரிக்கும் ஏசிபிஐ பக்கமும் இதே கூத்துதான். விதி மீறிய ஆர்ம் சர்வர் சிப்புகளுக்கென்று விதிவிலக்குப் பட்டியலே வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் பஸ் ஸ்பேஸ். டிரைவர் ஒரு டேக் (எந்த வகை வெளி), ஒரு ஹேண்டில் (எந்தப் பகுதி), ஒரு ஆஃப்செட் (அதில் எவ்வளவு தள்ளி) கொடுத்து நாலு பைட் படி என்கிறது. அது போர்ட்டா, நினைவகமா, பைட் வரிசையைத் திருப்ப வேண்டுமா என்பதெல்லாம் டேகின் பாடு. ஃப்ரீபிஎஸ்டியும் இதை எடுத்துக்கொண்டது. இதன் ஜோடி பஸ் டிஎம்ஏ; பிராசசர் இல்லாமல் அட்டையே நினைவகத்தோடு தரவு பரிமாறுவதுதான் டிஎம்ஏ. நெட்பிஎஸ்டி நிரலாளர் ஜேசன் தோர்ப் 1998இல் அதைப் பற்றி யூஸ்நிக்ஸ் மாநாட்டில் கட்டுரை வாசித்தார். டிஎம்ஏ-வுக்கு முன்னும் பின்னும் சிங்க் செய்யச் சொல்லும், அதாவது பிராசசரின் கேச்சையும் நினைவகத்தையும் ஒத்துப்போக வைக்கச் சொல்லும். எக்ஸ்86-இல் பெரும்பாலும் அது சும்மா ஒரு சடங்கு. கேச் ஒத்துப்போகாத ஆர்ம் சிப்பில் அதை மறந்தால் பழைய தரவைத்தான் படிப்பீர்கள்.

வடிவமைப்பு அழகில் எனக்கு மூன்றாவதுதான் முதலிடம். முன்பு நெட்பிஎஸ்டியில் வேலை செய்த குழு அண்ணன் ஒருவர் தேக்காவில் தே தாரிக் குடித்தபடி சொன்னார்: “தம்பி, லினக்ஸும் டேக் வச்சிருக்கு, மறைச்சு வச்சிருக்கு.” உண்மைதான். ரெஜிஸ்டரைப் படிக்கும் ஐஓரீட்32 ஃபங்ஷனுக்குப் போகும் மதிப்பை எக்ஸ்86 பார்க்கும். சின்ன எண் என்றால் போர்ட், பெரிய எண் என்றால் நினைவகம். டேகைத் தனியாகத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை, ஆனால் தந்திரம் தெரியாதவனுக்கு அது மாயமாகத் தோன்றும்.

எங்களிடம் இருப்பது லினக்ஸ், ஆள் மூன்று பேர். ஆகவே இரண்டாவது வழியிலேயே நின்றோம். சிஎஃப்8 வரிகளைக் கிள்ளி எறிந்து கெர்னலின் பொதுக் கான்ஃபிகரேஷன் ஃபங்ஷனைக் கூப்பிட்டோம், ரெஜிஸ்டர்களை, முகவரியைத் தானே ஏற்பாடு செய்யும் பிசிஐ-ஐஓமேப் வழியாக எடுத்தோம். ஒரு மதிய வேலை. அதே டிரைவர் இன்டெல் பெட்டியிலும் ஓடுகிறது. எங்கள் போர்டின் பிரிட்ஜ் அந்த 32 பிட் ரகம் என்பதால், ஒவ்வொரு பூட்டிலும் ஸ்டேட்டஸ் பிட்டுகள் கெடலாம் என்ற எச்சரிக்கை மட்டும் லாகில் வந்துகொண்டிருக்கிறது. அதற்கு எங்களிடம் மருந்து இல்லை.